ஜெபிக்க நேரமில்லாத வீட்டில் விசுவாசம் வளருமா?

கேள்வி இதுதான்: "எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். கணவருக்கு வேலை போய்விட்டது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் காலை நாலரைக்கு எழுந்து ஜெபித்தவள் நான். இப்போது வேதத்தைத் திறந்தே வாரக்கணக்காகிறது. நான் பின்மாற்றத்தில் இருக்கிறேன், விசுவாசத்தை விட்டுப் பின்வாங்குகிறேன் என்று சபையில் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இந்த வீட்டில் இருந்துகொண்டு என் விசுவாசம் எப்படி வளரும்?"

தங்கச்சி, முதலில் இன்றைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குங்கள். அத்தைக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துத் திருப்பிப் படுக்க வைத்ததும், பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னபோது கர்த்தர் அவரை உபவாசம் இருக்கச் சொல்லவில்லை, "ஏன் இப்படிச் சோர்ந்து போனாய்" என்று அப்போதே விசாரிக்கவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு அந்த மனுஷன் திரும்பவும் படுத்துத் தூங்கினார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்த பிறகுதான் பயணம், மலை, கர்த்தர் பேசின அந்த மெல்லிய சத்தம் எல்லாம். 1 இராஜாக்கள் 19-ஐ நாம் பிரசங்கத்தில் கேட்கும்போது நேராக மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுவார்கள், நடுவில் இருக்கிற இரண்டு தூக்கத்தையும் இரண்டு சாப்பாட்டையும் யாரும் பேசுவதில்லை. ஒன்றரை வருஷமாக ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கிற உடம்புக்கு வேதத்தைத் திறந்ததும் கண் சொருகுகிறது என்றால் அதற்குப் பெயர் பின்மாற்றம் இல்லை. தூக்கக் கடன்.

நான் ஐயரம்மா (போதகரின் மனைவி) இல்லை, வேதசாஸ்திரம் படித்தவளும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவள், என் மாமியாரை ஏழு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தவள். அந்த ஏழு வருஷத்தில் கற்றதைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் கேள்வியில் "இந்த வீட்டில் இருந்துகொண்டு" என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. வீடு ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம், வீடு கொஞ்சம் வழிவிட்டால் விசுவாசம் வளரும் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமியாருக்கு ஞாபகமறதி நோய் ஆரம்பித்தபோது நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருந்தேன், வீடு வீடாகப் போய் ஜெபக் கூட்டம் நடத்துவோம். அதெல்லாம் நின்றபோது என் ஆவிக்குரிய வாழ்க்கையே நின்றுவிட்டது என்று அழுதேன். நாளெல்லாம் கஞ்சி, துணி, மாத்திரை, "நீ யாரு, என் வீட்டுல என்ன பண்ற?" என்ற கேள்வி. இதில் கர்த்தர் எங்கே இருக்கிறார்?

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு விஷயம் வருகிறது, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் ஒருவன் தன் தகப்பனையோ தாயையோ பார்த்து, "உனக்கு நான் செய்யவேண்டியதை தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்தது. எல்லாம் சாமிக்குத்தானே, யார் கேள்வி கேட்க முடியும்? இயேசு கேட்டார். உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று பரிசேயரிடம் நேராகவே சொன்னார். இதை நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன், ஆனால் கூட்டத்துக்குப் போக முடியவில்லையே என்று மாமியார் மேல் எரிச்சல்பட்டுக்கொண்டு அவருக்குத் தலை வாரிவிட்ட ஒரு நாளில்தான் அது எனக்கே உறைத்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தது கொர்பான். இந்தக் கிழவிக்குச் செய்வதை உமக்குச் செய்ய விடும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதே விஷயம்தான், அது அறிவுரை மாதிரி கூட இல்லை, தீர்ப்பு மாதிரி இருக்கிறது.

நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அநாதைப் பிள்ளைகளின் தாயாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் 1895-ல் இந்தியாவுக்கு வந்தது பிள்ளை வளர்க்க இல்லை. திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொல்லும் பெண்கள் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1901-ல் கோயில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக, கைக்குழந்தைகள் உட்பட. குழந்தைகள் சேரச் சேர ஊர் ஊராகப் போவது குறைந்துபோனது. பால் காய்ச்சுவதும் நகம் வெட்டுவதும் ராத்திரி விழித்திருப்பதுமாகப் பொழுது போனது. ஊழியத்துக்கு வந்தவள் ஆயா வேலை பார்ப்பது சரியா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. இயேசு வேலைக்காரனைப் போல இடுப்பில் சீலையை (துண்டை)க் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவியதுதான் அவருக்குப் பதிலாக இருந்தது. அப்புறம் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள் கிடந்தார். அப்போது மற்றவர்கள் அந்தச் சீலையைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பணிவிடை செய்தார்கள். நமக்கு முதல் பாதி பிடிக்கும், இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசமாட்டோம். உங்கள் அத்தை இப்போது இருப்பது அந்த இரண்டாம் பாதியில்.

இதைச் சொன்னதும் சிலர் உடனே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்: "உங்களைப் புடமிடத்தான் கர்த்தர் இந்த வியாதியை அனுமதித்தார்." தயவுசெய்து இதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இன்னொரு பெண்ணின் கையையும் காலையும் எடுக்கிற தேவனை எனக்குத் தெரியாது. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றார் இயேசு. சொல்லிவிட்டு, தரையில் துப்பிச் சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசினார். அங்கே விளக்கம் கொஞ்சம்தான், கை வேலைதான் அதிகம். அத்தைக்கு வந்தது பக்கவாதம். பெரும்பாலும் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று காரணம் இருக்கும், உங்கள் விசுவாசக் குறைவு அதில் வராது.

நான் எவ்வளவு நல்ல மருமகளாக இருந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நாலாவது வருஷம் ஒரு ராத்திரி, மூன்றாவது தடவையாக அவர் ஈரம் செய்த துணியை மாற்றும்போது என் கையைக் கிள்ளினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் தள்ளிவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த இடம் கன்றிப்போய் நீலமாக இருந்தது. அவருக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லை, "எங்கயோ இடிச்சிக்கிட்டேன் போல" என்று தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, "அத்தை, நான்தான் பண்ணினேன், என்னை மன்னிச்சிருங்க" என்றேன். "அதுக்கென்னம்மா, போயிட்டுப் போகுது" என்று என் தலையைத் தடவினார். ஐந்து நிமிஷம் கழித்து, "நீ யாரு?" என்றார். மன்னித்தது அவருக்கு ஞாபகம் இல்லை, நான் செய்ததும் ஞாபகம் இல்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்டேன், யார் கொடுத்தார்கள்? முப்பது வருஷம் பாவமன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுத்தவளுக்கு அது என்னவென்று தெரிந்தது அந்தக் காலையில்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையை நான் வாயால் மட்டும் சொன்னதில்லை.

அதனால் வளர்ச்சி என்றால் ஏதோ உள்ளே அனல் மூட்டிக்கொண்டிருக்கும், கண்ணீர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேற்று கத்தின இடத்தில் இன்றைக்கு ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசினீர்களா, கத்தியிருந்தால் போய் மன்னிப்புக் கேட்டீர்களா, அதைப் பாருங்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபித்த அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அவள் நல்ல பெண்தான், ஆனால் அவளைச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லை.

சரி, ஜெபத்துக்கு வருவோம். நீங்கள் விட்டது ஒரு நேரப் பழக்கத்தை மட்டும்தான். அதை இப்போது திரும்பப் பிடிக்கப் பார்க்காதீர்கள், தோற்றுப்போய் இன்னும் குற்ற உணர்வுதான் வரும். மாற்கு 9-ல் வலிப்பு வரும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." வேதத்தில் உள்ள ஜெபங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகிறது, அதுவும் பிள்ளையின் வியாதியை வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்துப்போன ஒரு பெற்றவரிடமிருந்து. இயேசு அவனைத் திருத்தி, முழு விசுவாசத்தோடு திரும்பி வா என்று அனுப்பவில்லை. பையனைச் சுகமாக்கினார். பாத்திரம் தேய்க்கும்போது, துணி அலசும்போது இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், பத்து விநாடிகூட ஆகாது.

வேத வாசிப்புக்கு, அடுப்படியில் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு தாளில் 131-ஆம் சங்கீதத்தை எழுதி ஒட்டுங்கள். மூன்றே வசனம். ஒரு மாதத்துக்கு அது மட்டும் போதும். அடுத்த மாதம் 13-ஆம் சங்கீதம், ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும், இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" வரும். கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று சில பேர் பதறுவார்கள், நம் சபைகளில் ஸ்தோத்திரம் சொல்லப் பழக்குகிற அளவுக்குப் புலம்பப் பழக்குவதில்லை. ஆனால் 150 சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள், மற்ற புலம்பல்களில் கடைசியில் வருகிற "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" கூட அதில் கிடையாது. சிநேகிதர் போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே நின்றுவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் வீட்டு ராத்திரிக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டை ஒன்று வீட்டில் இருக்கும் இல்லையா, அதை மட்டும் கொஞ்ச நாள் பார்க்காமல் இருங்கள் என்று சிலருக்கு நான் சொல்வதுண்டு. வசனத்தில் தப்பு இல்லை. "உன்னை ஆசீர்வதித்துப் பெருகப்பண்ணுவேன்" என்று கதவில் ஒட்டியிருக்கும், உள்ளே கணவர் வேலை போய் உட்கார்ந்திருப்பார், பார்க்கப் பார்க்க ஏதோ நாம்தான் ஏமாந்தோமா என்று தோன்றும். அதைக் கிழிக்கவும் வேண்டாம், சாட்டையாக எடுத்து உங்களையே அடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஜெபிக்க இடம் இல்லை என்பவர்களுக்கு, மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவைச் சொல்வார்கள். பத்தொன்பது பிள்ளை பெற்று ஒன்பது குழந்தைகளைச் சிறு வயதிலேயே புதைத்தவர், மேலாடையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே ஜெபிப்பார், அப்போது பிள்ளைகள் தொந்தரவு பண்ணமாட்டார்கள் என்று கதை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அந்த வீட்டில் பிடித்தது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, கணவன் மனைவி சண்டை. அரசருக்காகத் தான் செய்த ஜெபத்துக்குச் சூசன்னா ஆமென் சொல்லவில்லை என்று கணவர் சாமுவேல் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டை விட்டே போய்விட்டார். ஒரு ஆமெனுக்காக! அவர் ஒரு குருவானவர் வேறு. சமாதானமாகித் திரும்பி வந்த பிறகு, 1703-ல் பிறந்தவர்தான் ஜான் வெஸ்லி. அந்த வீட்டில் கடனும் இருந்தது, கடனுக்காகச் சாமுவேல் சிறைக்குப் போனதும் உண்டு. இரண்டாவது, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவிலும் சூசன்னா வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலம் என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள்தான். ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வெள்ளி, இருபது நிமிஷம், போன் இல்லாமல். அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகூடப் பேசலாம்.

குடும்ப ஜெபத்தைப் பற்றி: நீட்டாதீர்கள். ஒரு பாட்டு, ஐந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், முடிந்தது. என் வீட்டில் முக்கால் மணி நேரம் நடத்தினேன், அதோடு அன்றைக்குப் பிள்ளைகள் செய்த தப்பையெல்லாம் ஜெபத்துக்குள்ளே கர்த்தரிடம் கோள் சொல்லுவேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை பொய் பேசாம இருக்க உதவி செய்யும்" என்று அவன் பக்கத்தில் முழங்காலில் இருக்கும்போதே! பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள், அவர்கள் திடனற்றுப் போவார்கள் என்று கொலோசெயரில் இருப்பது எனக்காகவே எழுதியது போலத் தெரிகிறது, ஆனால் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஏனென்றால் என் மூத்த மகன் இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நல்ல பையன், மாதாமாதம் பணம் அனுப்புகிறான், தினமும் போனில் பேசுகிறான், ஜெபத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "அம்மா, வேற பேசு" என்பான். அவனுக்காக ஜெபிக்கும்போது எனக்குத் துணை மோனிக்கா அம்மாள். பழைய கால சபைத் தலைவர் அகுஸ்தீனின் தாய். எல்லோரும் "கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகான்" என்பதைச் சொல்லி ஆறுதல்படுத்துவார்கள், நான் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும் படிக்கச் சொல்வேன். மகன் ஆப்பிரிக்காவை விட்டு ரோமாபுரிக்குக் கப்பல் ஏறப் போகிறான் என்று தெரிந்து, போகவிடாமல் தடுத்துக் கூடவே துறைமுகத்துக்கு வந்தார். மகன் பொய் சொன்னான், நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்றான். பக்கத்தில் இருந்த ஒரு ஆலயத்தில் இவர் ராத்திரியெல்லாம், கர்த்தாவே, இவனைப் போகவிடாதேயும் என்று ஜெபித்தார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது. அந்த ராத்திரி ஜெபம் கேட்கப்படவில்லை, அப்பட்டமாக மறுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கப்பல் ஏறிப் போனதால்தான் அவன் ரோமாபுரிக்கும், பிறகு மிலானுக்கும் போய், அங்கே அம்புரோஸ் பிஷப்பின் பிரசங்கத்தைக் கேட்டான், 387 ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றான். அதே வருஷம் மோனிக்கா இறந்துபோனார். என் மகனும் இப்படி வருவான் என்று நான் இதைச் சொல்லவில்லை, வருவானா என்று எனக்குத் தெரியாது. ஜெபத்தில் நான் கேட்கும் வழியும் கர்த்தர் போகும் வழியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று மட்டும் புரிந்துகொண்டேன், அதனால் போனில் அவனிடம் வேறு பேசுகிறேன்.

உங்கள் கணவர் விஷயம். வேலை போன ஆண் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கோபத்தில் பாதி வெட்கம். அவரிடம் வசனம் பேசாதீர்கள். மனைவிகள் தங்கள் நடக்கையாலே கணவரை ஆதாயப்படுத்தலாம் என்று எழுதும் இடத்தில் பேதுரு "போதனையின்றி" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார், நம் பெண்கள் கூட்டங்களில் அந்த வசனத்தின் கீழ்ப்படிதல் பகுதியை மட்டும் எடுத்துப் பேசி இதை விட்டுவிடுவார்கள். அதே மாதிரிதான் எபேசியர் 5-ம். மனைவிகளே, புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற 22-ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம், அதற்கு முந்தின வசனம், தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்பது, யாருக்கும் ஞாபகம் வராது. எனவே அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற வேலையில் ஒரு பங்கை அவரிடம் கேளுங்கள். கெஞ்சவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். "ராத்திரி பத்து மணிக்கும் காலையில நாலு மணிக்கும் நீங்க பாத்துக்கோங்க, நடுவுல நான் பாத்துக்கிறேன்" என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், அதை ஒரே ஆள் செய்து எப்படி உயிரோடு இருப்பது? அவருடைய அம்மாதானே. என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் "அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்றார், கடைசி இரண்டு வருஷம் அவர் அம்மாவுக்குச் சோறு ஊட்டியது அவர்தான், அதற்கு முன் அவர் கண்ணில் நான் ஈரம் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று. எரிந்து விழுவது வேறு, கை ஓங்குவது வேறு. நீங்கள் அதைச் சொல்லவில்லை, நாம் சொல்லாமல் விடுகிறவர்கள் என்பதால் கேட்காமலேயே சொல்கிறேன். அடி இருந்தால் அதைச் சிலுவை என்று சுமக்காதீர்கள். "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று யார் சொன்னாலும், அவர் அங்கி போட்டவராக இருந்தாலும், கேட்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யலாம், 2005-ல் இருந்து குடும்ப வன்முறைக்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. அதே போல, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் உங்களுக்கோ அவருக்கோ எட்டிப் பார்த்தால் மனநல உதவி எண் 14416-ல் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்றால் லூக்கா மருத்துவனாக இருந்திருக்கவே முடியாது.

பெரிய ஊழியர்களின் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அது நமக்கு ஒரு பாடம். இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரியை நாம் எப்படியெல்லாம் புகழ்கிறோம். அவர் மனைவி டாரதி முதலில் இந்தியாவுக்கு வரமாட்டேன் என்றவர், கடைசியில் வற்புறுத்தலில் 1793-ல் கப்பல் ஏறினார். அடுத்த வருஷமே ஐந்து வயது மகனைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு மனநிலை குலைந்து, 1807-ல் இறக்கும்வரை மீளவே இல்லை. பக்கத்து அறையில் மனைவி கத்திக்கொண்டிருக்க இவர் வேதத்தை மொழிபெயர்த்தார். நான் கேரியைத் தீர்ப்புச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அதற்கு மருந்தும் இல்லை. ஆனால் விசுவாச வீரர்கள் என்று படம் மாட்டும்போது டாரதியின் படத்தையும் யாராவது மாட்ட வேண்டும் என்று தோன்றும்.

உதவி கேட்பதற்கு வருகிறேன். நாம் ஜெபக்குறிப்பு கொடுப்போம், உதவி கேட்கமாட்டோம், கௌரவம். சபையில் உங்களைப் பின்மாற்றம் என்று சொன்னவரிடமே போய், "அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அத்தை பக்கத்துல உக்காருவீங்களா?" என்று கேளுங்கள். வந்தால் அவருக்கும் நல்லது. நாத்தனார் இருந்தால் மாதத்தில் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள், "ஒங்க அம்மாவை நான் பாக்கலன்னு சொல்லல, எனக்கு முடியல" என்று மட்டும் சொன்னால் போதும், பழைய கணக்கை எடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சையும் கொடுக்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வனாந்தரத்தில் மன்னா வந்தது உண்மைதான், ஆனால் காலையில் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கத்தான் வேண்டியிருந்தது.

அத்தையிடமும் பேசுங்கள். பேச்சு போயிருந்தாலும் காது கேட்கும். என் மாமியாருக்குக் கடைசியில் மகன் பெயர் மறந்தது, தன் பெயரும் மறந்தது. ஆனால் சின்ன வயதில் ஆலயத்தில் படித்த கீர்த்தனை ஒன்றை நான் ஆரம்பித்தால், சரணம் முழுக்க ஒரு வார்த்தை தப்பாமல் கூடவே பாடுவார். மூன்று சரணம்தான் எனக்குத் தெரியும், நாலாவது ஒன்று இருக்கிறதென்று அவர் பாடித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபம் அப்புறம் அதுதான் ஆனது, நான் ஆரம்பிப்பேன், அவர் முடிப்பார்.

கடைசியாக, ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியவில்லை என்ற உங்கள் வருத்தம். எழுதவில்லை, ஆனால் இருக்கும். உங்கள் ஐயரிடம் சொல்லி வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள், வியாதியஸ்தர்களுக்கு அப்படிக் கொடுப்பது அவருடைய பொறுப்பு, நீங்கள் தயங்கத் தேவையில்லை. அத்தைக்கு விழுங்கச் சிரமம் இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள், அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துத் துளியாகக் கொடுப்பார். அத்தைக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் கேளுங்கள், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் கணவரையும் கூப்பிடுங்கள், வந்தால் வரட்டும். அன்றைக்கு வீட்டைக் கழுவித் துடைத்து வைக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த மேசையிலேயே இடம் இருக்கும்.